பதினோராவது பக்கத்துக் கையெழுத்து

காஜா மைதீன் இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது நான் வில்லாபுரத்தில் என் வீட்டில், நேர்காணலுக்கான அறிக்கையின் பதினோராவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். "விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆஸ்பத்திரி வாசல்லயே மவுத்தாயிட்டாக" என்றார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். சரி என்றேன். போனை வைத்த பிறகும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அடியில் காஜாவின் கையெழுத்து இருந்தது.

தல்லாகுளத்தில் எங்கள் கட்டுமான ஆலோசனை அலுவலகத்துக்கு வந்துபோன மேஸ்திரிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அவரைத் தெரியும். பதினெட்டு வருடம் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தோம். எனக்கு அவர் மாப்ள, அவருக்கு நான் மாப்ள. எழுதும்போதுதான் இந்த 'அவர்' எல்லாம் வருகிறது. கேட்டால் சிரித்திருப்பார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் பரீட்சைக்குத் தயாராவது பெரிய அலுப்பு. சார்ட்டர்டு இன்ஜினியர் தகுதி உள்ளவர்கள்தான் இனிப் பெரிய வேலைகளுக்குப் பொறுப்பேற்கலாம் என்று அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்கள். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தோம். இத்தனை வருட வேலையை அறிக்கையாக எழுத வேண்டும், சொந்தமாக எடுத்த முடிவு ஒன்றையாவது அதில் காட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உடன் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் 'உண்மை' என்று கையெழுத்திட வேண்டும். பிறகு மூன்று பேர் எதிரே உட்கார்ந்து துருவுவார்கள். என் பக்கங்களில் அவரும், அவர் பக்கங்களில் நானும் கையெழுத்துப் போட்டோம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் காஜா அந்த மூன்று பேராகவும் மாறிவிடுவார். முதல் வேலையாக என் கையில் இருக்கும் பென்சிலைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். படம் போட்டுக் காட்டாமல் எனக்குப் பேச வராது. "தூண வரைஞ்சது நீயா, உன் பென்சிலா? வாயால சொல்லு மாப்ள" என்பார். வெளியே வெயில், வயிற்றில் சோறு, கண் சொக்கும். ஆனாலும் விடமாட்டார். சாயங்காலம் போகும்போது பென்சிலைத் திருப்பித் தரவும் மாட்டார்.

பதினோராவது பக்கத்தைப் பற்றி மட்டும் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிய பக்கம் அது. தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் மேல்முனையில் நெருக்கமாக வர வேண்டும். வரைபடத்தில் அதைக் குறிக்க நான் விட்டுவிட்டேன். கான்கிரீட் போடும் அன்று அங்கே போனது காஜா. ஊர்க்காரர்கள் பூஜை போட்டுவிட்டார்கள், கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார். ஊரே சண்டைக்கு வந்ததாம். "அம்புட்டுப் பேரும் என்னய வையிங்க, பரவால்ல. டேங்கு உங்க பிள்ளைக தலைக்கு மேலதான் நிக்கப் போகுது" என்று சொன்னாராம். மேஸ்திரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தவறு யாருடையது என்று அலுவலகத்தில் காஜா வாய் திறக்கவில்லை.

அறிக்கையில், குறையைக் கண்டுபிடித்து வேலையை நிறுத்தியது நான் என்று எழுதியிருந்தேன். சொந்த முடிவு என்று காட்ட என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. காஜா அதைப் படித்தார், என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், டீ குடிக்கக் கூப்பிட்டார். நான் எழுதிவிட்டேன் என்பதால் அந்தத் தொட்டியைத் தன் அறிக்கையில் அவர் சேர்க்கவே இல்லை.

அவருக்குத்தான் முதலில் நேர்காணல் நடந்தது. சொந்தமாக முடிவெடுத்ததற்குச் சான்று போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மதியம் வழக்கம்போல் என் பென்சிலைப் பிடுங்கினார். "எனக்குப் போனா போகுது. நீ ஒழுங்கா சொல்லு" என்றார். அப்போதும் நான் பக்கத்தை மாற்றவில்லை. அவர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி மாற்றியிருக்கலாம். வெட்கம் விடவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற சோம்பலும் இருந்தது.

மையவாடியில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவருடைய தம்பி ஒரு பென்சிலை என் கையில் வைத்தார். முந்தைய நாள் மதியம் என்னிடமிருந்து பிடுங்கியது. சட்டைப் பையில் இருந்ததாம்.

பத்து நாள் கழித்து என் நேர்காணல். காஜாவைத் திருப்பி அனுப்பிய அதே மூன்று பேர். நேராகத் தொட்டிக்குத்தான் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பது உண்மையில்லை, வரைபடத்தில் தவறு செய்தவன் நான், அதைக் கண்டுபிடித்து நிறுத்தியவர் காஜா மைதீன் என்று சொன்னேன். பிறகு அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று ஒருவர் கேட்டார். எனக்காகப் போட்டார் என்றேன். நடுவில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி அறிக்கையின் மேல் வைத்தார். "அவரு இதப்பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே. மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்க" என்றார். அவர் போய்விட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க மேடம்" என்றுதான் வந்தது.

எனக்குத் தகுதி கிடைக்கவில்லை. நியாயம்தான். களைப்பாக இருக்கிறது, ஆனாலும் வரும் வருடம் மறுபடி எழுதப் போகிறேன். காஜாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பென்சில்தான். அதை வைத்துக்கொண்டு பதினோராவது பக்கத்தை நடந்தது நடந்தபடி எழுதி முடித்துவிட்டேன். அது உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டியவர் காஜா.