வால் இருந்த பிள்ளைகள்

என் அக்காவின் படிப்பைக் கெடுத்தது பெரியப்பாதான். வேறு யாரும் இல்லை.

அப்போது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அக்கா திருச்சியில் கல்லூரிக்குப் போய் விலங்கியல் படித்தாள். ரெக்கார்டு நோட்டில் மீன், கோழி, பன்றி, மனிதன் என்று நான்கு கருக்களை வரிசையாக வரைந்திருந்தாள். கீழே இருந்த பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதுல எதுடி நம்ம?" என்றாள். நான் பன்றியைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நாலுக்கும் வளைந்த முதுகு, கழுத்தோரம் மடிப்பு, வால். எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு நேரில் பார்க்க வேண்டும். அம்மா பதினோரு முட்டைகளை அடை வைத்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒன்றை எடுத்தால் பத்தாகிவிடும். அடை முட்டை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் இரண்டாகத் திருடினேன். ஒன்று கூமுட்டை. மற்றதை அக்கா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் உடைத்து ஊற்றினாள். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடுகளவு இதயம் துடித்தது. வாலும் இருந்தது, படத்தில் இருந்த மாதிரியே.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாசலுக்கு ஓடி, முழுகாமல் இருந்த சித்தியிடம், "சித்தி, உங்க பாப்பாவுக்கும் வால் இருந்துச்சாம்!" என்று கத்தினேன். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா உள்ளே போய் அக்காவின் நோட்டைப் பிடுங்கினார்.

"வயித்துல இருக்கிற புள்ளைக்கு வாலா? இதுக்குத்தான் காலேஜா?"

"அது ரெண்டாம் மாசத்துலயே மறைஞ்சிடும் பெரியப்பா. எல்லாருக்கும் இருந்ததுதான். உங்களுக்கும்."

அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். அண்ணன் பேச்சுக்கு அப்பா எதிர்ப்பேச்சு பேசவில்லை. மறுநாள் அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை.

ஒரு தாள்தானே, மறுபடி வரைந்துகொள்வாள் என்று நினைத்தேன். பிள்ளை பிறந்ததும் சித்தி ஏன் முதலில் அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கத்தில் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். அவர் பேத்தியின் பாடப்புத்தகத்தில் அதே நான்கு படங்கள் இருக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு போவேன். பெயர்களை மறைத்துப் பிடிப்பேன். பந்திக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் பெரியப்பா விரல் வைத்துச் சொல்லட்டும், இதில் எது நம்ம பிள்ளை என்று.