பதினோரு மணிக் கிண்ணம்

என் மாமியாருக்கு நாக்கில் ருசி போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பதை, அவர் தலைமைச் சமையல்காரராக ஆகப்போவதைக் கொண்டாடப் போன சாப்பாட்டுக் கடையில் வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்தேன், ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், தினமும் அவர் கையால் சாப்பிட்டேன். கூடவே இருந்தவளுக்குத்தான் தெரியவில்லை. கண்ணிருந்தும் குருடு என்று இனி நான் யாரையும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. டாக்டர்களுக்கும்தான். என் வீட்டுக்காரர் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாமனார் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே அத்தை ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்துவிட்டார். தேய்க்கும் தொட்டியிலிருந்து காய் நறுக்கும் மேசை, மேசையிலிருந்து கஞ்சி அண்டா, அண்டாவிலிருந்து பெரிய அடுப்பு என்று இருபத்தாறு வருடம். பூமிக்கு அடியில் ஜன்னலே இல்லாத அறை அது. முந்நூறு நோயாளிகளுக்கு மதிய சூப்பும் கஞ்சியும் அங்கிருந்துதான் மேலே போகும். அத்தை கல்லுப்பை ஒரு பிடி அள்ளி அண்டாவில் வீசுவார், அவ்வளவுதான், மறுபடி தொட மாட்டார். உப்பு அவர் கைக்குப் பயப்படும் என்று சொல்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் வீட்டில் மூன்று பேரும் ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்துக் கிடந்தோம். எழுந்தோம், வேலைக்குப் போனோம், மறந்தோம். அதன் பிறகு அத்தை ஒரு தகர டப்பா மூடியில் ஆணியால் கோடு கிழித்து, உப்பை அளந்து போட ஆரம்பித்தார். வயதாகிறது, கை தடுமாறுகிறது போல என்று நான் நினைத்தேன்.

கிண்ணமும் அப்போதுதான் வர ஆரம்பித்தது. எனக்குத் தரைத்தளத்தில், சீட்டுப் பதியும் கவுண்டரில் வேலை. பதினோரு மணி என்றால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். சரியாக அந்த நேரத்துக்கு, கையளவு எவர்சில்வர் கிண்ணத்தைத் தட்டால் மூடிக்கொண்டு, அத்தை படியேறி வருவார்.

"கொஞ்சம் உப்பு பாத்து சொல்லும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே புகழ்கிறது, போதாதென்று மருமகள் வாயாலும் ஒரு வார்த்தை வாங்க வேண்டும் என்று வருகிறார், அப்படித்தான் நினைத்தேன். பக்கத்துக் கவுண்டர்காரி வேறு, "உங்க மாமியாருக்கு உன்ன பாக்காம பொழுது போகாது போல" என்று இழுப்பாள். முதல் ஒரு மாதம் ஒழுங்காகக் குடித்தேன். பிறகு "சரியா இருக்கு அத்தை" என்று தலையாட்டி விட்டு, அவர் போனதும் ஓரத்தில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றினேன். செடி இரண்டே மாதத்தில் கருகியது. துப்புரவுக்காரர் கண்ட தண்ணீரையும் ஊற்றிவிட்டார் என்று பழியை அவர் மேல் போட்டேன். அங்கே பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். அது எதையும் தாங்கியது.

போன வருடம் ஒரு நாள் கிடங்கில் கல்லுப்புத் தீர்ந்து, தூளுப்பு வந்தது. கல்லுப்பு அளவுக்குத் தூளுப்பைப் போட்டால் கரிக்கும். பாதியா முக்காலா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அத்தை சீக்கிரமே வந்தார்.

"இன்னிக்கி தூளுப்பு. கொஞ்சம் கவனமா பாரும்மா."

சீட்டைத் தொலைத்த ஒருவர் என்னிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் நிமிரக்கூட இல்லை. "சரியா இருக்கு அத்தை" என்றேன்.

மதியம், மூன்று வார்டுகளிலிருந்து சூப் திரும்பி வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. அண்டாவோடு கொட்டினார்கள். விசாரணையில் அத்தை சொன்னது இரண்டே வாக்கியம்: "நான் சரிபாத்துட்டுதான் எறக்குனேன். அதுக்கப்புறம் யாரோ கை வெச்சிருக்காங்க." அடுப்புப் பக்கம் இருந்தது அவருக்கு உதவியாக நின்ற ஒருவர் மட்டும்தான். ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள். தான் தொடவே இல்லை என்று அவர் மன்றாடினார். பெரியக்கா சொல்லுக்கு எதிர்ச்சொல் உண்டா? அவரைத் தேய்க்கும் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

எனக்கு உறுத்தவில்லையா என்று கேட்டால், உறுத்தியது. அத்தை தானே ருசி பார்த்துத்தான் இறக்கியிருப்பார், என்னைக் கேட்பது சும்மா ஒப்புக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறமும் கிண்ணம் வந்தது. நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த வருடம் பழைய தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் அத்தைக்கு என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் மதியம் என் வீட்டுக்காரர் எங்களை டெப்பன்யாகி சாப்பிடக் கூட்டிப்போனார். ஜப்பானியர் முறை. நடுவில் கட்டில் அகலத்துக்கு வழவழப்பான இரும்புக் கல் காய்ந்துகொண்டிருக்கும், அதைச் சுற்றி மூன்று பக்கமும் நாம் உட்கார வேண்டும், நாலாவது பக்கம் சமையல்காரர் நின்று கண் முன்னாலேயே சமைத்துத் தட்டில் தள்ளுவார்.

அத்தை உட்கார்ந்ததும் கல்லின் மேல் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"காசு குடுத்து மறுபடியும் அடுப்புகிட்டயே உக்கார வெச்சிட்டியேடா."

"இன்னிக்கி நீங்க கரண்டி புடிக்க வேணாம்மா. அதான் விசேஷம்."

எங்களோடு டை கட்டிய ஒரு மனிதரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். சமையல்காரர் உயரமான சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். இரண்டு கரண்டிகளைக் கல்லில் தாளம் தட்டினார், முட்டையைக் கரண்டி முனையில் பம்பரமாகச் சுற்றினார், உப்புக் குப்பியை மேலே எறிந்து முதுகுக்குப் பின்னால் பிடித்தார். அத்தை அந்த வித்தை எதையும் பார்க்கவில்லை. அவர் கண் கல்லிலேயே இருந்தது. எந்த மூலையில் சூடு அதிகம், இறாலை எப்போது திருப்புகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆளு வெளயாடுறாரே தவிர, வேல தெரிஞ்சவரு" என்று என் காதில் சொன்னார்.

சோற்றைக் கல்லில் பரப்பி உப்புத் தூவிய பிறகு, சமையல்காரர் வெங்காய வளையங்களை அடுக்கிக் கோபுரம் கட்டி, நடுவில் எண்ணெய் விட்டு நெருப்பு வைத்தார். ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் அத்தையின் தோளைத் திருப்பி, தீ பின்னால் தெரியப் படம் எடுத்தார். அந்த நேரத்தில், கைதட்டல் குஷியில், சமையல்காரர் மறுபடியும் உப்புக் குப்பியை எறிந்து பிடித்துச் சோற்றில் இன்னொரு தடவை தாராளமாகத் தூவினார். நான் பார்த்தேன். பார்த்தும் மனதில் தைக்கவில்லை.

"எங்கம்மாவும் சமையல்தாங்க. நாளைலேருந்து தலைமை" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். சமையல்காரர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். முதல் தட்டை அத்தைக்கு வைத்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு மதிப்பு."

அத்தை ஒரு கரண்டி எடுத்து மென்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், பதினோரு மணிக்குப் பார்ப்பாரே, அதே பார்வை. என் தட்டு இன்னும் வரவே இல்லை. நான் தலையாட்டினேன். பழக்கதோஷம்.

"உப்பு கச்சிதமா இருக்குப்பா" என்றார் அத்தை.

அடுத்த தட்டுகள் என் வீட்டுக்காரருக்கும் டைக்காரருக்கும் போயின. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்தார், உடனே தண்ணீரைத் தேடினார். டைக்காரர் இருமி இருமி, கைக்குட்டையில் துப்பினார். சமையல்காரர் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார்; முகம் செத்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க. ரெண்டு தடவ போட்டுட்டேன். அம்மா மரியாதைக்கு சொல்லிருக்காங்க."

"எங்கம்மா எப்பவும் அப்படித்தான், யாரு மனசையும் நோகடிக்க மாட்டாங்க" என்று சொல்லி என் வீட்டுக்காரர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் நானும் சிரிக்கவில்லை. அவர் என் முன்னால் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தார். தட்டே இல்லாமல் நான் எதற்குத் தலையாட்டினேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

அவர் கை கழுவ எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல் நின்றார்.

"எத்தன நாளா அத்தை?"

"அந்தக் காய்ச்சலோட போச்சு. சக்கரையும் ஒண்ணு, சாம்பலும் ஒண்ணு."

"டாக்டருங்க நடுவுலயே இருக்கீங்க. ஏன் சொல்லல?"

"சமையக்காரிக்கு நாக்கு இல்லன்னா மறுநாளே வீட்டுக்குப் போன்னுடுவாங்க. அடுப்படில யாரையாவது பாக்கச் சொன்னா அன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்சிடும். நீ இருக்க, நம்ம வீட்டுப் பொண்ணு, பாத்து சொல்லுவன்னு இருந்தேன்."

"நான் குடிக்கவே இல்ல அத்தை. செடியில ஊத்தினேன்." அழுதேன். அழ எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் அழுதேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குழாயை மூடினார்.

"தூளுப்பு அன்னிக்கி?"

"அன்னிக்கும்தான்."

"அந்த மனுஷன் தொடலன்னு எவ்வளவோ கெஞ்சினாரு" என்றார். "நான் தேய்ச்ச தொட்டிக்கே அவர அனுப்பிட்டேன்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, கையெழுத்துப் போட வேண்டிய அதே அறைக்கு அத்தை கிளம்பினார். முந்தின நாள் வீடு திரும்பியதும் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ எதுக்கு?"

"பாதித் தப்பு என்னுது அத்தை."

"தப்பு என்ன ரொட்டியா, பாதி பாதியா பிக்க? உன்னுது முழுசு, என்னுதும் முழுசு. வரதுன்னா வா."

இரண்டு பேரும் சொன்னோம். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் அத்தையை மட்டும் பார்த்து, "இப்ப நான் என்ன பண்ணட்டும் பெரியக்கா?" என்றார்.

"அவர அடுப்புக்குக் கூப்பிடுங்க. என்னய காய் நறுக்கப் போடுங்க. அதுக்கு நாக்கு வேணாம், கண்ணு போதும்."

அன்று பதினோரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என் கண் படிக்கட்டிலேயே இருந்தது. கிண்ணம் வரவில்லை. பக்கத்துக் கவுண்டர்காரியிடம் என் வரிசையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முதல் தடவையாக நானே படி இறங்கிப் போனேன்.

அத்தை மேசையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். பெரிய அடுப்பருகே ஒட்டடைக்குச்சி நின்றார். அவர் கையில் தேய்ப்புத் தொட்டியின் வெடிப்புகள் இன்னும் ஆறவில்லை. காலையில் அத்தை அவரிடம் போய் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாராம். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாராம். என்னைப் பார்த்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து, அண்டாவிலிருந்து மொண்டு, நேராக என்னிடம் நீட்டினார். சமையலறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். வாயிலேயே கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்த்தேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி அத்தை" என்றேன்.

அத்தையின் கத்தி நின்றது.

"நிஜமாத்தானா?"

இரண்டு வருடத்தில் அவர் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. நிஜமாகத்தான் என்றேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. ஒட்டடைக்குச்சி கரண்டியில் எடுத்துத் தன் வாயில் விட்டார்; அவர் தலையாட்டுகிறாரா என்றே அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.