ரப்பர்க்காரி நேவா

ஆள் நாள் முழுக்க அலைக்கழிந்து, அடித்துத் துவைத்த துணியாகக் கிடந்தால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: மாமக். கரோலினாக் கரையில் எங்களுடைய இந்த நாலைந்து மீன்பிடி ஊர்களைத் தாண்டினால் அது யாருக்கும் புரியாது. என் மனைவி நேவா கில்லிகினைப் பார்த்துத்தான் யாரோ அந்தச் சொல்லைச் செய்திருக்க வேண்டும். மாலையில் வேனை விட்டு இறங்குவாள். கருவிப்பையைப் படிக்கட்டில் போடுவாள். "ஆல்டன், இன்னிக்கு என்னைய நல்லா மாமக் பண்ணிட்டாங்க" என்பாள். அதற்கு மேல் பேசத் தெம்பிருக்காது.

கராஜ் கதவுகளுக்கு ரப்பர் மாற்றுவது அவள் தொழில். கதவு தரையில் உட்காரும் இடத்தில் அடி ரப்பர், இரண்டு பக்கமும் மேலேயும் பட்டைகள். கடலைத் தள்ளி இருக்கும் ஊர்களில் ஒரு தடவை போட்டால் பல வருஷம் மறந்துவிடலாம். இங்கே வெயில் அதைப் பொரிக்கும், உப்பு அதைத் தின்னும், அவை மிச்சம் வைத்ததை எலி தின்னும். பழைய ரப்பரை இழுத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கையோடு வரும். அது நுழைந்திருந்த அலுமினியத் தடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து அடைத்திருக்கும். சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, அரத்தால் அதைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் தடவி, புது ரப்பரை ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க வேண்டிய வேலை. அவள் தனியாகவே செய்தாள். என் முதுகு நண்டுப் படகிலேயே போய்விட்டது. என்னை வைத்துக்கொண்டு அவள் தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது.

அதற்கு முன்பு ஊர் நண்டுக் கொட்டகையில் ஓட்டிலிருந்து சதை எடுக்கும் வேலை பார்த்தாள். கொட்டகையை மூடினார்கள். சதை எடுத்த சின்னக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, ரப்பர் வெட்ட வைத்துக்கொண்டாள்.

வாடகைக்கு விடவென்றே கடலோரம் வீடு கட்டியிருக்கும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இதப் போட்டா தண்ணி உள்ள வராதுல்ல?"

"சாரல் வராது. மணல் வராது. எலி வராது" என்பாள். "கடல் வந்தா வழி விட்டுருங்க. அதுகிட்ட என் பேரைச் சொன்னா அதுக்குத் தெரியாது."

எல்லார் கதவையும் அடைத்தவள் எங்கள் கராஜ் கதவை மட்டும் தொடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தால் சோபாவில் சாய்வாள், அவ்வளவுதான். கராஜில் பழைய வலைகளும் உடைந்த மோட்டாரும் கிடந்தவரை எனக்கும் கவலையில்லை.

பிறகு எங்கள் மகள் கெண்ட்ரா ராலே நகரத்திலிருந்து திரும்பி வந்தாள். கல்யாணம் முறிந்துவிட்டது. கையில் முடி வெட்டும் தொழில் இருந்தது. கராஜைக் கேட்டாள். வலைகளை வெளியே வீசினாள். இரண்டு நாற்காலிகளைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினாள். தலை கழுவும் தொட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி, பளபளவென்று மரத்தரை. சுவரின் அடியில் வெள்ளம் வந்தால் புகுந்து வெளியேறுவதற்காக வைத்திருந்த துவாரங்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று பலகை அடித்து மூடினாள்.

வேறு வீடாக இருந்தால் நேவா கத்தியிருப்பாள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜாடையாகக் கேட்டதற்கு, "விடு ஆல்டன். அவ இங்க இருந்தாப் போதும்" என்றாள். அந்த வருஷம் அவள் வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது. மகள் திரும்ப ராலேக்குப் போய்விடக் கூடாது.

கடை நன்றாகத்தான் ஓடியது. நண்டுகள்தான் ஒத்துழைக்கவில்லை. சதுப்பிலிருந்து வரும் சின்ன நண்டுகள் நைந்துபோன ரப்பருக்கு அடியில் புகுந்து, நாற்காலியில் இருப்பவர்களின் காலடியில் ஊர்ந்தன. பாதிரியாரின் மனைவி தலையில் சாயத்தோடு நாற்காலி மேல் ஏறி நின்று ஆண்டவரைக் கூப்பிட்டாள்.

"ஊர்ல உள்ள எல்லாக் கதவுக்கும் போடுற. பெத்த பொண்ணு கடைக்கு மட்டும் முடியல. நான் என்ன, ஆர்டர் குடுத்துட்டு வரிசையில நிக்கணுமா?" என்றாள் கெண்ட்ரா.

"வரிசையில நின்னாலும் இந்த மாசம் கிடைக்காதுடி" என்றாள் நேவா. ஆனால் மறுநாள் காலையில் வேனை எடுக்கவில்லை. எங்கள் கதவடியில் படுத்தாள். இருப்பதிலேயே தடித்த ரப்பரைப் போட்டாள், பக்கப் பட்டைகளைத் துருப்பிடிக்காத ஆணியாகப் பார்த்து அடித்தாள். முடிந்ததும் உள்ளே போய்க் கதவை இறக்கி, இருட்டில் உட்கார்ந்து எங்காவது வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்த்தாள். ஒரு நூலளவுகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலையை அவள் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் புயல் வந்தது. எடுக்க முடிந்ததையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோனோம். வீடு கட்டைகள் மேல் உயர்ந்து நிற்கிறது. கராஜ் அதன் இடுப்போடு ஒட்டித் தரையில் இருக்கிறது. நாற்காலிகளும் தொட்டியும் கண்ணாடிகளும் அங்கேயே இருந்தன. முதல் நாள் காற்று உப்பங்கழித் தண்ணீரை அக்கரைக்குத் தள்ளியது. மறுநாள் காலை காற்று திரும்பியது. தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம் வந்தது.

மதியத்துக்குள் கராஜ் கதவுக்கு வெளியே முழங்காலளவு தண்ணீர். உள்ளே மரத்தரை காய்ந்து கிடந்தது.

கெண்ட்ரா கைகொட்டிச் சிரித்தாள். "அம்மா! இங்க வந்து பாரேன்! சொட்டுக்கூட வரல. நீ கெட்டிக்காரிம்மா!"

நேவா சிரிக்கவில்லை. கதவின் கீழ்ப்பலகை உள்பக்கம் புடைத்திருந்தது. சுவர் ஒரு தடவை முனகியது. பிறகு இன்னொரு தடவை. வெளியே தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது.

எங்கள் முன்னோர் வீட்டுத் தரைப்பலகையில் ஒரு துளை போட்டு, அதில் கட்டை அடித்து வைத்திருந்தார்கள். புயல் வெள்ளம் ஏறினால் கட்டையைப் பிடுங்கி, முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டு மாடிக்குப் போவார்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் வீடு கனத்து உட்காரும். அடைத்து வைத்தால் மிதந்து போகும், அல்லது சுவர் உடையும். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெண்ட்ராவுக்கும் தெரியும். அதனால்தான் அம்மாவின் கையில் கத்தியைப் பார்த்ததும் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"வேணாம்மா. தாங்கும். நீதானே போட்ட, தாங்கும்."

"தள்ளுடி."

"இதுல இருக்கிறது எல்லாம் என்னோடது. இதைத் தவிர எனக்கு எதுவும் இல்ல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். சுவர் போனா அதோட வீடும் சாயும். உள்ள நாம இருக்கோம். தள்ளு."

கெண்ட்ரா நகரவில்லை. நேவா அவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். முட்டி போட்டு, தான் படுத்துப் போட்ட ரப்பரைத் தானே நீளமாகக் கீறினாள். சேற்றுத் தண்ணீர் அவள் முகத்தில் பீய்ச்சியது. பிறகு கம்பியைக் கொடுத்து நெம்பிக் கதவைத் தூக்கினாள். கடல் உள்ளே வந்தது. மரத்தரையை மூடி, நாற்காலியின் இருக்கைவரை ஏறி, வெளியே இருந்த உயரத்துக்கு வந்து நின்றது. சுவர் முனகுவது நின்றுபோனது. கெண்ட்ரா வீட்டுக்குள் போகும் படியில் உட்கார்ந்து, தன் கடை முழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு மூன்று பேரும் சேற்றை வாரினோம். மரத்தரை உப்பி எழுந்திருந்தது. கண்ணாடிகளின் பின்பூச்சு உரிந்துவிட்டது. நாற்காலிகளில் கை வைத்தால் உள்ளிருந்து சேறு கசிந்தது. அம்மாவும் மகளும் வாளியை மட்டும் கைமாற்றிக்கொண்டார்கள்.

ராலேயில் ஒரு தோழி தன் கடையில் இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். கெண்ட்ரா பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். ஏறி உட்கார்ந்தவள், கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ திறக்காம இருந்திருந்தா நிச்சயம் இடிஞ்சிருக்குமா?"

"இடிஞ்சிருக்கும்! சந்தேகமே இல்ல! கிழக்க உன் சித்தப்பா வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல?" என்றேன் நான். சித்தப்பா வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் வீட்டுக் கோழிக்கூடுகூட அப்படியேதான் நின்றது.

"உன்னைக் கேக்கலப்பா."

நேவா கார்க் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் இடுக்குகளில் இன்னும் சேறு இருந்தது. நான் மனதுக்குள் மன்றாடினேன். சொல்லேன்டி. ஒரே ஒரு 'ஆமாம்'. அதைச் சொன்னால் எந்தச் சாமியும் உன்னைத் தண்டிக்காது.

"தெரியாது" என்றாள் நேவா.

"தெரியாதா?"

"இடிஞ்சிருக்கலாம். தாங்கியிருக்கலாம். நான் பயந்துட்டேன். நீ உள்ள இருந்த."

கெண்ட்ரா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமான்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்மா."

"தெரியும்" என்றாள் நேவா.

கெண்ட்ரா அம்மாவின் சேற்றுக் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். பிறகு காரைக் கிளப்பினாள்.

கார் பாலத்தைத் தாண்டும்வரை நேவா அங்கேயே நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு பொய் சொன்னா வாய் என்ன வெந்தா போயிடும்?" என்றேன்.

"சொன்னா அவ என் பக்கத்துலயே இருப்பா. ஒவ்வொரு நாளும் அவ மூஞ்சியப் பாத்து அந்தப் பொய்யக் காப்பாத்தணும்" என்றாள். "அதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல, ஆல்டன்."

உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தாள். நான் காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முதுகு வலியைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து அவள் காலணிகளைக் கழற்றினேன். இடது காலுறை நனைந்திருந்தது. அதையும் கழற்றினேன்.