வெயிலை விடச் சூடான ஒரு பெட்டி

மாமா. கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான் கூப்பிட்டேன், பின்பும் அப்படித்தான். அத்தை மகனாகவே பிறந்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் போன பிறகும் வாயில் அதுதான் வருகிறது.

நினைத்தால் முதலில் வருவது ஒரு சித்திரை மத்தியானம். பிள்ளையார்பாளையத்து வீட்டில் ஓடு கொதிக்கிறது. நான் தறியில் இருக்கிறேன். மாமா மூலையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு, தந்தி அடிக்கிற மாதிரி வயர்லெஸ்ஸின் மோர்ஸ் சாவியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். தட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. மறுபக்கம் பேசியவர் சைதாப்பேட்டைக்காரர். மாமா அவரை அண்ணன் என்பார், ஆனால் நேரில் பார்த்ததே இல்லை. அந்த அண்ணன் சொன்னது ஒரு வரிதான்: நீ எல்லைக்கு வெளியே போய்விட்டாய், உடனே நிறுத்து.

மாமாவும் நெசவாளிதான். எட்டாவதோடு தறியில் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு தானாகப் படித்து, மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதி, சொந்தமாக வயர்லெஸ் வைத்துக்கொள்ள அரசாங்க அனுமதி வாங்கினார். அவர் வாழ்க்கையில் தேறிய பரீட்சை அது ஒன்றுதான். அவரைப் போன்றவர்கள் பேசுவதற்கென்று அலைவரிசையில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் கோட்டைத் தாண்டக் கூடாது. அவர் ஏற்கெனவே ஒரு தடவை தாண்டி எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொரு தடவை அதிகாரிகள் காதில் விழுந்தால் அனுமதி போய்விடும்.

குற்றம் வயர்லெஸ்ஸுக்குள் இருந்த கிரிஸ்டலில். யுத்த காலத்துச் சாமான், மூர் மார்க்கெட்டில் வாங்கியது. தபால் தலை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். மின்சாரம் பட்டால் துடிக்கும். எத்தனை வேகமாகத் துடிக்கிறதோ, அதுதான் அவர் அலையின் இடம். காலையில் ஒழுங்காக நிற்கும். ஓடு சூடேறினால் துடிப்பு மெல்ல மெல்ல இறங்கும். கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த கிரிஸ்டல் என்பதால் மத்தியானத்தில் அந்தப் பக்கம் விழுந்துவிடும். வேறு வாங்கலாம் என்றால் அந்த மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை.

முதலில் அதைத் தறிக்குழியில் இறக்கிப் பார்த்தார். கால் மிதிக்கிற குழி எந்த வெயிலிலும் ஒரே மாதிரி சில்லென்று இருக்கும். கிரிஸ்டலும் அடங்கித்தான் நின்றது. ஆனால் நான் மிதிக்கும்போதெல்லாம் அவர் அலை நடுங்கியது. அவர் பேசும் நேரம் நான் தறியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. கல்யாணச் சேலை ஒன்று பாதியில் நின்றது. அத்தை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தறி ஓடுனா உன் ரேடியோ ஆடுது. ரேடியோ ஓடுனா தறி நிக்குது. எதுனா ஒண்ணு சோறு போடணும்பா" என்றாள்.

மாமா அன்றைக்கே அதைக் குழியிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பெட்டி யோசனை வந்தது. எனக்கு அவர் சொன்ன விதம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"குளுர வைக்க நம்மளால ஆவாதுடி. வெயிலை விட சூடா வச்சிட்டா? அப்புறம் வெயிலு அத இன்னா பண்ணும்?"

தகர டப்பா ஒன்றுக்குள் கிரிஸ்டல். டப்பாவைச் சுற்றி, பழுதான இஸ்திரிப் பெட்டியில் இருந்து எடுத்த சூட்டுக் கம்பி. அதற்கு வெளியே மரப்பெட்டி. இடையில் இருந்த சந்தில் தறியில் விழுந்த கழிவுப் பட்டு நூலை நான் திணித்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு சிறு தகடு வைத்தார். சூடு அதிகமானால் அது வளைந்து மின்சாரத்தை விட்டுவிடும், ஆறினால் மறுபடி தொடும். தொடும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். பல்லி சொன்னது என்று அத்தை இரண்டு தடவை ஏமாந்தாள்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. காலை, மத்தியானம், ராத்திரி எல்லாம் ஒரே இடம். ஆனால் அந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம். சூடானால் இறங்குகிற கிரிஸ்டலை எந்நேரமும் சூடாக வைத்தால் எந்நேரமும் இறங்கித்தானே இருக்கும்? ராப்பகலாக யோசித்துச் செய்தவருக்கு இது மட்டும் தோன்றவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடி மத்தியானத்துல மட்டும் திருட்டுத்தனம் பண்ணுச்சு. இப்போ நாள் பூரா பண்ணுது. ஒழுங்காயிடிச்சி இல்ல மாமா?" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஒரே எடத்துல நிக்குது இல்ல, அது போதும். எடத்தை மாத்திக்கலாம்" என்றார்.

மாற்ற ஒரே வழி தேய்ப்பது. கிரிஸ்டல் மெலிந்தால் துடிப்பு ஏறும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலோ ஓரம் சிதறினாலோ செத்துப்போகும், பிறகு துடிக்காது. கண்ணாடிப் பலகையில் நைசான அரைப்புத்தூளைத் தண்ணீரில் குழைத்து, ஒரு விரலால் எட்டு போடுகிற மாதிரி தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், கழுவுவார், பெட்டியில் வைப்பார், சூடேறும் வரை காத்திருப்பார், கேட்பார், மறுபடி எடுப்பார். இரண்டு நாள் அவரோடு யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் சாவியைத் தட்டினார். சைதாப்பேட்டை அண்ணன் அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன பதிலை மாமா எனக்குச் சத்தமாகச் சொன்னார்: "உள்ள நிக்குதாம். அசையலியாம்." அன்றைக்கு நான் தறியை நிறுத்தவில்லை. அவர் தட்ட, நான் மிதிக்க, இரண்டும் ஓடின. அக்னி நட்சத்திரம் முழுக்க அப்படியே போயிற்று. அனுமதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் அவருக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "பொட்டி சூடா இருக்குதா? ஆற விட்டுடாத. ஒருவாட்டி ஆறிச்சின்னா பழைய எடத்துக்கே வரும்னு சொல்ல முடியாது." எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. உன் உடம்பைப் பார் மாமா என்றேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் பெட்டியிடம் போய் டிக் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டார். வீடு திரும்பவே இல்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் அந்தப் பெட்டிக்கு எதற்குக் கரண்டு என்று கேட்டார்கள். அத்தை, "இருக்கட்டும் உடுங்க" என்றாள். அவள்தான் சொன்னாள், நான் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்த கனமான பெட்டி ஒன்று கையில் இருந்தது. சைதாப்பேட்டை அண்ணன். விரல் தட்டலாகவே தெரிந்தவருக்கு முகம் இருந்தது எனக்கு விநோதமாகப் பட்டது. அனுமதி உள்ளவர் இல்லாத வீட்டில் வயர்லெஸ் இருக்கக் கூடாது, அதைக் கழற்றி வைக்க வந்தார். கழற்றும் முன், கொண்டு வந்த பெட்டியில் இருந்த தன் அளவுக் கருவியை, மாமாவின் கிரிஸ்டல் நிற்க வேண்டிய எண்ணில் வைத்தார். கருவியின் துடிப்பும் கிரிஸ்டலின் துடிப்பும் ஒன்றாக இருந்தால் காதில் ஒன்றும் கேட்காது, விலகினால் சத்தம் வரும் என்று எனக்குச் சொன்னார். ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டோம். ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கயேதாம்மா நிக்குறான்" என்றார். பிறகு, "நான் நிறுத்தட்டுமா?" என்று கேட்டார்.

நானே நிறுத்துகிறேன் என்றேன். மாமாவின் பெட்டிக்குச் சூடு கொடுத்த வயரை மட்டும் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொலைவில் லாரி வருகிற மாதிரி ஒரு உறுமல். அது ஊளையாயிற்று. உள்ளே ஆற ஆற மேலே ஏறி, மெல்லிய சீழ்க்கையாகி, அதற்கு மேல் ஏறாமல் நின்றது. அறையில் எங்களுக்கு இருந்த சூடுதான் இப்போது அதற்கும் என்று அவர் சொன்னார். அத்தை தானும் கேட்க வேண்டும் என்றாள். என் பக்கத்தை அவள் காதில் வைத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, அடுத்த முறை விளக்கேற்றும்போது எங்கள் மாமாவையும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.