கோவளம் நிறுத்தத்தில் ஐந்தாம் பாட்டு

மாமல்லபுரம் போகும் பேருந்துக்காகக் கோவளம் நிறுத்தத்தில் காத்திருக்கிறேன். மாலையில் அங்கே ஒரு விடுதியில் என் கச்சேரி. இக்காலச் சீனப் பாடல்தொடர் ஒன்றின் ஐந்து பாட்டுகளைப் பியானோவோடு பாடவேண்டும். சொல்லின் ஏற்ற இறக்கம் பிசகினால் பொருளே மாறிவிடும் மொழி அது. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். கடைசிப் பாட்டின் முடிவில் பியானோ நின்றுவிடும். உச்சத்தில் ஒரு ஸ்வரத்தை மிக மெல்லிய குரலில் இழுத்துத் தேயவிட வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் எனக்கு அது கூச்சலாகத்தான் வந்தது.

வாய்க்குள் முனகிப் பார்க்கிறேன். தன் மடியில் குழந்தை தூங்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்காரப் பெண் திரும்புகிறாள்.

"இன்னாக்கா பாட்டு அது?"

"சீனப் பாட்டு. படகுல போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கா."

"வந்தானா?"

"அஞ்சு பாட்டுலயும் வரலை."

குழந்தையை மடியில் சரியாகப் படுக்கவைக்கிறாள். "சரி, பாடு. புள்ள முழிச்சுகினா பேஜாரு."

குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுகிறேன். மூச்சை அடிவயிற்றில் பிடித்துவைத்து, இழையளவு மட்டும் விடுகிறேன். அந்த ஸ்வரம் கூச்சலில்லாமல் எழுந்து, தேய்ந்து, அடங்குகிறது. குழந்தை அசையவில்லை.

பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. குழந்தை வீறிடுகிறது.

"நீ ஏறுக்கா," என்கிறாள், அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி. "இது அழுவுறது உன் பாட்டுக்கு இல்ல."