அப்பா வேகமாக நடந்த நாள்

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பாவின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து இண்டூரில் வந்து இறங்குவார். எங்கள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, தோட்டக்காட்டுக்குள் இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து மண்பாதையில் இருபது நிமிடம் நடக்கவேண்டும். நிறுத்தத்துக்குப் போய் அவருடைய சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம், நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்குத்தான் பாதை. அதனால் அப்பா முன்னால் போவார், நான் பின்னால் போவேன்.

ஒரு நாள் வழியில் அவரைக் கூப்பிட்டேன். எதற்கென்று நினைவில்லை. கூப்பிட்டால் மனிதர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்பா அப்படிப் பார்க்கவில்லை. சுவரோரம் இருக்கும் பீரோவைத் திருப்பி வைப்பதுபோல, காலை மெல்ல மெல்ல எடுத்து வைத்து, ஆள் மொத்தமாகத் திரும்பினார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மறுபடியும் அப்படித்தான் திரும்புவாரா என்று பார்ப்பதற்காகக் கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்படியேதான் திரும்பினார். நான்காவது தடவை திரும்பாமலே, "என்னா பாப்பா, சும்மா சும்மா கூப்புடற?" என்றார். அவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த இருபது நிமிடமும் நான் அவர் முதுகைப் படித்துக்கொண்டே வந்தேன். காக்கிச் சட்டையில் தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு தையல் ஓடும். இடுப்பில் பெல்ட் இருந்தது. இந்த இரண்டு கோடுகளும் அவர் நடக்கும்போது ஒன்றாகவே திரும்பின. தையல் இடப்பக்கம் திரும்பினால் பெல்ட்டும் இடப்பக்கம் திரும்பியது. ஒரு பலகைக்குக் கால் முளைத்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

எல்லோரும் இப்படித்தான் நடக்கிறார்களா என்று தெரியவேண்டுமே. பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். இலையைப் பூச்சிக்குப் போட்டபின் மீந்த மல்பெரிக் குச்சிகள் அங்கே குவிந்து கிடக்கும். நேரான குச்சியாக இரண்டு எடுத்து வந்து, தங்கையைப் பிடித்து, ஒன்றைத் தோளோடு குறுக்காகவும் மற்றொன்றை இடுப்போடு குறுக்காகவும் ரிப்பனால் கட்டினேன். களத்தில் அவளை நடக்கவிட்டுப் பின்னாலேயே போனேன். மெதுவாக நடந்தபோது இரண்டு குச்சியும் அப்பாவின் சட்டைத் தையலும் பெல்ட்டும் போலத்தான் ஒன்றாகப் போயின. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவள் சலித்துக்கொண்டு, அம்மாவிடம் போவதற்காக வேகமாக நடந்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தேன். இடது கால் முன்னே போகும்போது கீழ்க்குச்சியின் இடது முனை முன்னே போனது. மேல்குச்சியில் வலது முனை முன்னே வந்தது. அடுத்த அடியில் அப்படியே மாறியது. பின்னாலிருந்து பார்க்க ஒரு கத்திரிக்கோல் திறந்து திறந்து மூடுவதுபோல இருந்தது. துணி துவைத்துப் பிழிகிற மாதிரி, ஆனால் இதமாக, ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் முறுக்கி, மறு பக்கம் அவிழ்ந்தது. உனக்கு ஏதாவது தெரிகிறதா என்று தங்கையைக் கேட்டேன். குச்சி குத்துகிறது என்றாள்.

அடுத்த பத்து நாள் எங்கள் பக்கம் நடந்து போன யாரையும் நான் விடவில்லை. பால் ஊற்றப் போகிறவர், தக்காளி பறித்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், பேன்ட் போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் என்று எல்லோர் பின்னாலும் கொஞ்ச தூரம் போனேன். அவசரமாக நடந்த எல்லோரிடமும் கத்திரிக்கோல் திறந்தது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்துப் போகிற ஒரு சித்தியிடம் மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாள் அதுவே என் மண்டையைக் குடைந்தது. பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவர் திரும்பிப் போனபோது திறந்ததைப் பார்த்து நிம்மதியானேன். தண்ணீர் சிந்தக்கூடாது என்பதற்காக உடம்பு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் அப்பா தலையில் ஒன்றுமே இல்லாமல் ஏன் நிறைகுடம் தூக்குகிறவர்போல நடக்கிறார்?

இதை அம்மாவிடம் கேட்டேன். தங்கையைக் கூட்டி வந்து குச்சி கட்டிக் காட்டினேன். நான் எதைச் சொன்னாலும் வேலை செய்துகொண்டே காதில் வாங்குகிற அம்மா, அன்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். இன்னொரு தடவை நடக்கவிடச் சொன்னாள்.

"மெதுவா நடந்தா தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. வேகமா நடந்தாத்தான்."

அம்மா உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் தைல வாசனை வர ஆரம்பித்துப் பல மாதம் ஆகியிருந்தது. கேட்டால் அப்பா, சும்மா பிடித்துக்கொண்டது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பார். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்குகிற மலைப்பாதையில், பழைய வண்டியின் ஸ்டியரிங்கை நாளைக்குப் பலமுறை ஒடித்து ஒடித்துத் திருப்புகிற வேலை. சீட்டிலிருந்து இறங்கும்போது ஏணியில் இறங்குகிறவர்போலப் பின்பக்கமாக இறங்குவார். ஒரு நாள் ஷெட்டில் அவர் அப்படி இறங்குவதை முதலாளி பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. வண்டியில் ஐம்பது பேர் உட்கார்ந்து வருகிறார்கள், எதற்கும் டாக்டரிடம் காட்டி, வண்டி ஓட்டலாம் என்று ஒரு லெட்டர் வாங்கி வந்துவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் கழித்துத்தான் அப்பா அதை வீட்டில் சொன்னார்.

தருமபுரியில் ஓர் எலும்பு டாக்டரிடம் போவது என்று முடிவானது. துணைக்குத் தானே வருவதாக அம்மா சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா என்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். லீவில் சும்மாதானே கிடக்கிறாள், வந்துவிட்டுப் போகட்டும் என்றாள். தங்கை அழுதாள். நான் அதை என் நல்ல நடத்தைக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொண்டு, தலையை அழுந்த வாரிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் போகும்போது அப்பா சட்டைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டாக்டரிடம் போவதற்கு முன்பே எதற்கு மாத்திரை என்று கேட்டேன். தலைவலி என்றார்.

டாக்டர் இளவயதுக்காரர். அப்பாவைக் குனியச் சொன்னார், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகில் அங்கங்கே அழுத்தினார். எதற்கும் அப்பா முகம் சுளிக்கவில்லை. "இப்ப ஒண்ணுமில்லீங்க சார், முன்னாடி எப்பவோ இருந்துச்சு" என்றார். கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். அறைக்கு வெளியே நீளமான வராந்தா இருந்தது. அப்பா அதில் நடந்தார். அவ்வளவு அழகாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை அழைப்பில் வருகிறவர்போல, நிதானமாக, தலையை நிமிர்த்தி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துப் போய்த் திரும்பி வந்தார். டாக்டர் தலையாட்டிக்கொண்டே மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தப்பாகப் போட்ட கணக்குக்கு வாத்தியார் சரி போட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"சார், மெதுவா நடந்தா எல்லாருமே அப்புடித்தான் நடப்பாங்க. எங்கப்பாவ வேகமா நடக்கச் சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டார். நான் குச்சி, ரிப்பன், தையல், பெல்ட், குடம் வைத்த சித்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "அண்ணா, பாப்பா சொல்ற மாதிரி ஒரு தடவ நடங்க" என்றார்.

செருப்பு சரியில்லை என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பிறகு நடந்தார். வராந்தாவின் கடைசி வரைக்கும் கத்திரிக்கோல் திறக்கவில்லை. தையலும் பெல்ட்டும் ஆணி அடித்ததுபோல ஒன்றாகத் திரும்பின. கோடியில் திரும்பும்போது அவர் கை தானாகச் சுவரைப் பிடித்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "பாத்தீங்களா சார்" என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு நாளாக வலி, எங்கே ஆரம்பித்து எதுவரை இழுக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, பெரிதாகச் சேதம் எதுவும் இல்லை என்றார் டாக்டர். வலித்துவிடுமோ என்று பயந்து உடம்பு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருக்கிறது, இறுக இறுக வலியும் விடாது, படுத்தே கிடக்காமல் தினமும் நடக்கவேண்டும், சொல்லித்தருகிற பயிற்சிகளைச் செய்யவேண்டும், மூன்று மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்றார். எனக்கு அதில் ஓர் இடம் மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"எங்கப்பா எதுக்கும் பயப்பட மாட்டாருங்க சார். ஒகேனக்கல் எறக்கத்துல லாரி எதுக்க வந்தாக்கூட ஒத்தக் கையில ஓட்டுவாரு" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் லெட்டரை எழுதி மடித்து, என்னிடம் தராமல் அவர் கையில் கொடுத்தார்.

அந்த மூன்று மாதம் நான்கு மாதமாக நீண்டது. மண்பாதையில் அப்பா தினமும் சாயங்காலம் நடப்பார். நான் பின்னால் போவேன். முதலில் சில நாட்கள் நான் கூட வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் நடந்துகொண்டே, "கத்திரிக்கோலு தொறக்குதா, பாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டார். ஆடி கழிந்து ஒரு நாள், கொஞ்சம் திறக்கிறது என்று உண்மையாகவே சொல்ல முடிந்தது. மழைக்காலத்தில் மறுபடியும் ஸ்டியரிங் பிடித்தார். முன்புபோல பஸ்ஸின் எல்லா நடையும் ஓட்டுவதில்லை, பாதி நடைதான். இன்றைக்கும் நெடுநேரம் உட்கார்ந்தால் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வருகிறார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று டாக்டரிடமிருந்து கிளம்பி, இருவரும் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அப்பா எனக்கு ஒரு தட்டு பணியாரம் வாங்கிக் கொடுத்தார். நான் பெரிய காரியம் செய்துவிட்டவளாக அதைத் தின்றுகொண்டிருந்தேன். அப்போது அவருடைய பஸ் வந்து நின்றது. அன்றைக்கு ஒரு நாளுக்கென்று வந்திருந்த வேறு டிரைவர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டுப் படியில் நின்றபடி, "அண்ணா, ஏறுங்க, பாப்பாவையும் ஏத்துங்க" என்று கையாட்டினார். நான் ஓடப்போனேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டமா இருக்குது. அடுத்த வண்டியில போலாம்" என்றார்.

நான் ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்தேன். மொத்தமே ஆறு பேர்தான் இருந்தார்கள். முன் சீட்டு முழுதும் காலி. அதைச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பஸ் கிளம்பி, ஸ்டாண்டை வளைந்து, வெளியே போகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து, நெரிசலில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். கடைசியில், அப்பாவுக்குக் கண்ணும் சரியாகத் தெரியவில்லை, அதையும் ஒரு நாள் காட்டிவிட வேண்டும் என்று சொன்னேன்.