அத்திவாரம் வெட்டிய வளவு

ஏப்ரல் பிறந்தால் இப்போதும் எனக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்வதில்லை. மேற்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் திட்டமிடல் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முன்பு ஒவ்வொரு ஏப்ரலிலும் மூன்று வாரங்களுக்கு எங்களை வெளியே அனுப்புவார்கள். வீடு கட்ட அனுமதி கொடுத்த இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். தொடங்கவில்லை, தொடங்கியது, முடிந்தது என்று படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். இன்று அதே வேலையை, மேலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் பார்த்தே முடித்துவிடுகிறோம். கால் நனைவதில்லை. யாரும் தேத்தண்ணி தருவதுமில்லை.

அந்த நாட்களில் என்னோடு வருபவள் ஒரு அயர்லாந்துக்காரி. என் வயதுதான். அவள் கார் ஓட்டுவாள், நான் மடியில் வரைபடத்தை விரித்து வழி சொல்வேன். பாதி நாள் பிழையான வழி. ஒரு வீடு முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கென்று சில அடையாளங்கள் இருந்தன. ஜன்னலில் திரைச்சீலை தொங்கினால் அநேகமாக முடிந்தது. வாசலில் கவுன்சில் குப்பைத் தொட்டி நின்றால் சந்தேகமே இல்லை. அவள் கதவில் கடிதம் போடும் துவாரத்தைப் பார்ப்பாள், நான் குழந்தைகளின் சப்பாத்துகளைத் தேடுவேன். மழை பெய்தால் காருக்குள்ளேயே இருந்து, அவளுடைய முட்டை சாண்ட்விச்சையும் என்னுடைய மீன் றோலையும் மாற்றிச் சாப்பிடுவோம்.

இவ்வளவும் எதற்கென்றால், அரசாங்கத்தின் விதி ஒன்றுக்காக. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையான வீடுகளைக் கட்ட எங்கெங்கே நிலம் இருக்கிறது என்று ஒவ்வொரு கவுன்சிலும் ஒரு பட்டியல் காட்ட வேண்டும். வெறும் கனவுகளை அதில் எழுத முடியாது. உண்மையாகவே கட்டப்படும் என்று நம்பக்கூடிய இடங்களாக அவை இருக்க வேண்டும். பட்டியல் குறைந்துபோனால், நாங்கள் வேண்டாம் என்று மறுத்த இடத்திலும் கட்டிட நிறுவனம் மேல்முறையீடு செய்து அனுமதி வாங்கிவிடலாம். ஆகவே எங்கள் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் பெறுமதி இருந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு வரிதான் ரெய்னர்ஸ் லேன் பக்கம் மரக்கறிக்கடை வைத்திருந்த அண்ணையின் வளவு. கடைக்குப் பின்னால் நீளமான வெறும் நிலம். அதில் ஒன்பது ஃபிளாட் கட்ட அவருக்கு அனுமதி இருந்தது. நாங்கள் முதன்முறை போனபோது, நான் கழுத்து அட்டையைக் காட்டி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினேன். அவர் என் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கட பிள்ளையோ? பிறகென்ன இங்கிலிஸ்? வாங்கோ, பின்னால வந்து பாருங்கோ."

பின்னால் ஒரு மூலையில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு கிடங்கு வெட்டப்பட்டு, அடியில் கொஞ்சம் கொங்கிறீட் போடப்பட்டிருந்தது.

"அத்திவாரம்," என்றார் பெருமையாக. "மூண்டு வருசத்துக்குள்ள வேலையைத் தொடங்காட்டி அனுமதி செத்துப்போகுமாம். ஒரு கிடங்கு வெட்டினாக் காணுமெண்டு கட்டிடத்துக்குப் படம் கீறினவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியள் நாலு பேர் வந்து வெட்டினவங்கள். மனுசி எல்லாருக்கும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் குடுத்தவ."

"எப்ப அண்ணை கட்டி முடிப்பியள்?"

"வாற வருசம். மூண்டு பிள்ளையளுக்கும் ஆளுக்கொண்டு, எங்களுக்கு ஒண்டு. மிச்சம் வாடகைக்கு."

சட்டப்படி அது சரியாகத்தான் இருந்தது. தொடங்கியது என்ற கட்டத்தில் குறியிட்டேன். அடுத்த ஏப்ரலிலும் அதே குறி, அதற்கடுத்த ஏப்ரலிலும் அதே குறி. கிடங்கில் தண்ணீர் நின்றது. பிறகு புல் முளைத்தது. ஒருமுறை அதற்குள் ஒரு தவளையைக் கண்டு அயர்லாந்துக்காரி குந்தியிருந்து அதோடு பேசினாள். அண்ணையின் மனைவி கல்லாவில் இருந்தபடியே எங்களுக்குத் தேத்தண்ணியும், ஒரு துண்டு கடதாசியில் இரண்டு வடையும் தருவார். லஞ்சம் வாங்கக்கூடாது என்று எங்களுக்கு விதி இருந்தது. வடை அதில் சேராது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

பிறகுதான் அந்த மைதானத்தின் விவகாரம் வந்தது. ஒரு காலத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களுக்காக இருந்த பெரிய விளையாட்டு மைதானம் அது. நான் லண்டனுக்கு வந்த முதல் ஆண்டுகளில், ஆடி மாத ஞாயிறுகளில் அங்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். யாருடைய ஓட்டங்களையும் நான் கவனித்ததில்லை. விரிப்பில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பெண்களோடு சோற்றுப் பார்சலைப் பிரித்து, விசா கிடைத்ததா, வேலை கிடைத்ததா என்று பேசிக்கொண்டிருப்பேன். என் கணவரை முதன்முதலாகப் பார்த்ததும் அங்கேதான். பின்னர் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒரு கட்டிட நிறுவனம் அங்கே வீடுகள் கட்டக் கேட்டது. கவுன்சில் மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

என் மேலதிகாரி, அதிர்ந்து பேசாத மனிதர், என்னைக் கூப்பிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எங்கள் பட்டியலை வரிவரியாகக் கிழிக்கப் போகிறார் என்றும், ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுவோம் என்று நில உரிமையாளர்களிடம் கடிதம் வாங்கி வரும்படியும் சொன்னார்.

அந்த முறை அயர்லாந்துக்காரிக்குச் சளிக்காய்ச்சல். கையெழுத்துக்கு இடம் விட்டு அச்சடித்த கடிதத்தோடு நான் தனியே பஸ்ஸில் போனேன். அண்ணை விஷயத்தை முழுக்கக் கேட்கவுமில்லை.

"இதென்ன பெரிய வேலையே? எங்க கையெழுத்து வைக்கிறதெண்டு காட்டுங்கோ. உங்களுக்காக எழுதித் தாறன்."

பேனையை எடுத்துவிட்டார். கல்லாவிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

"அவர் எழுதித் தருவார் தங்கச்சி. ஆனாக் கட்டமாட்டார்."

"நீர் சும்மா இரும்."

"ஏன் சும்மா இருக்க? மூத்தவன் கனடாவில வீடு வாங்கிட்டான். மகள் மன்செஸ்டரை விட்டு வராள். கடைசி ஆள் ஹவுன்ஸ்லோவில அறை எடுத்து இருக்கிறான், இஞ்ச வந்து ரெண்டு நாள் தங்கக்கூட அவனுக்கு ஏலாதாம். ஆருக்குக் கட்டுறது? இவருக்கும் இது தெரியும்."

அண்ணை பேனையை மூடவுமில்லை, எழுதவுமில்லை. கத்தரிக்காய்ப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாடிக்கையாளர் வந்து வெண்டிக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது. மைதானத்தின் புல்லை நினைத்தேன், விரிப்பை நினைத்தேன். அவர் போட்டிருந்தால் நான் வாங்கியிருப்பேனோ என்று இன்றும் சில வேளை நினைப்பதுண்டு. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க முடியவில்லை.

"அண்ணை, உண்மையாக் கட்டுறதெண்டா மட்டும் எழுதுங்கோ. எனக்காக வேண்டாம்," என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து என் கையில் தந்தார். "அப்பிடியெண்டா வேண்டாம் தங்கச்சி," என்றார்.

மேலதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அடிமட்டத்தை வைத்து நேராக ஒரு கோடு கீறி அந்த வரியை வெட்டினார். விசாரணை நகர மண்டபத்தில் பல நாட்கள் நடந்தது. வழக்கறிஞர் புல் முளைத்த கிடங்குகளின் படங்களாகத் திரையில் காட்டிக்கொண்டே போனார். எங்கள் பட்டியலில் அப்படி எத்தனையோ வளவுகள் இருந்தன என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. அரசாங்கம் அனுப்பிய இன்ஸ்பெக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. எங்கள் பட்டியல் போதாது, மைதானத்தில் கட்டலாம். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். "அங்க நான் ஒருநாளும் பத்து ஓட்டம் அடிச்சதில்லை," என்றார் அவர்.

அடுத்த ஏப்ரலில் அண்ணையின் வளவு எங்கள் பட்டியலில் இல்லை. போகத் தேவையும் இல்லை. இருந்தும் போனோம். கடைச்சுவரில் விற்பனைப் பலகை ஒன்று தொங்கியது. வளவை அனுமதியோடு ஒரு கட்டிடக்காரருக்கு விற்கப் போவதாக மனைவி சொன்னார்.

"பிள்ளையளுக்குப் போனில சொன்னன்," என்றார் அண்ணை. "கவலைப்படுவினம் எண்டு நினைச்சன். மூண்டு பேரும் 'நல்லது அப்பா' எண்டிச்சினம். அவ்வளவுதான்."

அயர்லாந்துக்காரிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் அவருடைய தோளில் கையை வைத்தாள். அவர் கூச்சத்தோடு அவளுக்கு இரண்டு மாம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து போன கடைசி ஏப்ரலில் மைதானத்தில் முதல் வரிசை வீடுகள் எழும்பியிருந்தன. அதன்பின் அவள் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள். அன்று எனக்கு அந்த மைதானத்தில் கால் வைக்கவே பிடிக்கவில்லை. காரைவிட்டு இறங்காமல் எண்ணிவிடலாம் என்றேன். குப்பைத் தொட்டி தெரியவில்லை, இறங்கு என்றாள் அவள்.

ஒரு கதவுக்கு முன்னால் நின்று நாங்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். சோமாலியப் பெண், இடுப்பில் குழந்தை. கவுன்சில் என்றதும் முதலில் பயந்தாள். வீடுகளை எண்ணுகிறோம் என்றதும் கதவை அகலத் திறந்தாள். ஏழு ஆண்டுகளாக ஒற்றை அறைகளில் மாறி மாறி இருந்தாளாம், இந்த வீட்டுக்கு வந்து பத்து நாள்தானாம்.

"சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள், மேலே காட்டுகிறேன்," என்றாள்.

அயர்லாந்துக்காரியின் காலுறையில் பெருவிரல் அளவுக்கு ஓட்டை இருந்தது. அவள் அதை மறைக்க ஒற்றைக் காலில் தடுமாற, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். படியேறிப் போனோம். அந்தப் பெண் குளியலறைக் கதவைத் திறந்து, எங்களுக்குப் பைப்பைத் திருகிக் காட்டினாள். சுடுதண்ணீர் வரும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் படிவத்தை எடுத்து, முடிந்தது என்ற கட்டத்தில் குறியிட்டேன்.